மல்லிகா மூலை

“வருது, வருது… இப்பப் பாருங்கப்பா, போச்சு!” என்றார் சுவரின் மேல் உட்கார்ந்திருந்த ஜெயவேலு. அவர் வாய் மூடுவதற்குள் என் அணி கலைந்தது.

முப்பத்து மூன்று பெண்கள். கொடிமேடையைக் கடந்து, மைதானத்தின் தெற்குப் பக்கம் முழுக்க ஒரே காலாக நடந்து வந்தவர்கள். கிழக்கு மூலையில் திரும்பியதும் பாதிப் பேருக்கு இடது கால், மீதிப் பேருக்கு வலது கால். அதுவரை ஒன்றாக விழுந்துகொண்டிருந்த பூட்ஸ் சத்தம், கொட்டிப்போன புளியங்கொட்டை மாதிரி சிதறியது. சுவரின் மேல் சிரிப்பு. ஒரு பெண் குரல், “மல்லிகா மூலைன்னா சும்மாவா!” என்றது.

மல்லிகா யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பெண்ணை அத்தனை நாள் அழவைத்திருக்க மாட்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் வணிகவியல் ஆசிரியை. கூடவே சில வருடங்களாக தேசிய மாணவர் படையின் பெண்கள் பிரிவுக்கும் பொறுப்பாளர். “வகுப்பறைக் கதையே எழுதுறீங்களே, காக்கிக் கதை எப்ப மேடம்?” என்று பழைய மாணவிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் கதையில் நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்ததே என் கோபத்தால்தான். முன்பு இருந்தவர் மாற்றலாகிப் போனதும் முதல்வர் என்னை அழைத்தார். “நீங்க வராந்தாவுல நடந்து போனாலே பொண்ணுங்க கப்சிப்னு ஆயிடுறாங்க. இதுக்கு நீங்கதான் சரி” என்றார். வடக்கே ஓர் ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பி மூன்று மாதம் வெயிலில் காயவைத்தார்கள். போகும்போது வணிகவியல் ஆசிரியை, திரும்பி வரும்போது கொஞ்சம் கறுத்த வணிகவியல் ஆசிரியை. அவ்வளவுதான் மாற்றம்.

சுவர்க்காரர்கள்

மைதானத்தின் கிழக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு நெசவாளர் தெரு. ஒரு மழைக்காலத்தில் அந்தச் சுவரில் நாலைந்து ஆள் அகலத்துக்கு மேல்பாதி சரிந்து விழுந்தது. திரும்பக் கட்டும் வேலை கோப்பில் இருந்தது, இருக்கிறது, இருக்கும். உட்காரத் தோதான உயரம். எனக்கு அது இடிந்த சுவர். தெருவுக்கு அது கேலரி.

காலை ஆறரைக்குப் பரேட் என்றால் ஆறேகாலுக்கே இடம் பிடித்துவிடுவார்கள். பால் வாங்கப் போனவர்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு நிற்பவர்கள். கைபேசியில் படம் பிடித்துப் பாட்டுப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பும் இளவட்டங்கள் தனி. நடைப்பயிற்சிக்கு வரும் இரண்டு பெரியவர்கள் சுவரோடு நிற்கவில்லை. அணிக்குப் பின்னாலேயே கை வீசி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் நானும் விட்டுவிட்டேன்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஜெயவேலு. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றும் விசில் அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. ஒருநாள் அணி கம்பீரமாக நடந்துகொண்டிருக்கும்போது பிகிலை ஊதிவிட்டார். முப்பத்து மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். நான் சுவர் வரைக்கும் ஓடிப்போய்ச் சண்டை பிடித்தேன்.

“தப்புதான் மேடம். பழக்க தோசம். ஒரு பொண்ணு லேட்டா ஓடி வந்துக்கினு இருந்துச்சி, பாவமா இருந்துச்சி. வண்டிய நிறுத்திட்டேன்.”

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருத்தி மூச்சு வாங்க ஓடிவந்து வரிசையில் நுழைந்துகொண்டிருந்தாள்.

பரேட் கட்டளைகள் எல்லாம் இந்தியில். அதில் ஜெயவேலுவுக்கு வருத்தம். “நம்ம புள்ளைங்கள நம்ம பாஷைல நடக்கச் சொன்னா நடக்காதுங்களா மேடம்?” என்று கேட்டார். விதி அப்படி என்றேன். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு கட்டளையையும் சுவரில் இருப்பவர்களுக்காக உரக்க மொழிபெயர்க்க ஆரம்பித்தார். ‘தேஜ் சல்’ என்றால், “போலாம், ரைட்!” ‘தம்’ என்றால், “ஹோல்டான்!” என் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள்.

காக்கியைப் பார்த்ததும் போலீஸ் என்று நினைத்துப் புகார் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஓர் அம்மா, தன் வாசலை மறித்து யாரோ ஆட்டோ நிறுத்துவதாகச் சொன்னார். நான் டீச்சர் என்று விளக்கினேன்.

“டீச்சரா இருந்தா இன்னாமா? இந்த ட்ரெஸ்ஸோட வந்து நின்னுட்டு ஒரு வார்த்த கேளு, போதும்.”

போய்க் கேட்டேன். ஆட்டோ நகர்ந்துவிட்டது. அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு புகாராவது வரும்.

ஆரம்பத்தில், “பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்குமா இந்த தாம்தூம்?” என்று கேட்டவர்களும் இதே சுவர்க்காரர்கள்தான். ஒரு வெயில் நாளில் ஒரு மாணவி மயங்கி விழுந்தபோது, நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதற்குள் சுவர் தாண்டி ஒரு சொம்பு தண்ணீரும், ஒரு கோலி சோடாவும், ஒரு விசிறியும் வந்துசேர்ந்தன. அன்றிலிருந்து அந்தச் சிரிப்புகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிழக்கு மூலைச் சிரிப்பு மட்டும் விதிவிலக்கு.

கால்தான் எழுந்தது

மூலைக்குப் போவதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம்.

எங்கள் குடும்பம் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தது. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் வேலை. அப்பாதான் முதலில் டவுனுக்கு வந்து லாரி பட்டறையில் தொழில் கற்று, மாதா கோயில் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, எங்களைப் படிக்கவைத்தார்.

முதல்முறை சீருடை தைத்து வந்த அன்று, அவருக்குக் காட்ட வேண்டும் என்று அறையிலிருந்து விறைப்பாக நடந்து வந்தேன். அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார்.

“அப்பா, நான்தாம்பா.”

“தெரியுதுமா” என்றார். உட்காரவில்லை.

அவருடைய சின்ன வயதில் எங்கள் தெருவுக்குள் காக்கி வந்தால் அது எங்களுக்கு நல்லது செய்ய வந்ததாக இருந்ததே கிடையாது. தெருவே எழுந்து நிற்குமாம். எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறார். அன்று அதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. கோபம்தான் வந்தது. “உக்காருப்பா! நான் உன் பொண்ணு” என்று கத்தினேன்.

மெதுவாக உட்கார்ந்தார். சட்னியில் இட்லியைத் தொட்டபடி, “நான் எழுந்துக்கலமா. காலுதான் எழுந்துக்கிச்சி” என்றார்.

கால் என்பது நாம் சொல்லித்தான் கேட்கும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதைப் புரிந்துகொண்டதாகவும் நினைத்தேன். புரியவில்லை என்று சங்கீதா என்ற மாணவியின் விஷயத்தில் தெரிந்தது.

கடைசி வரிசை

சங்கீதா பி.காம். இரண்டாம் வருடம். ஒல்லிப்பெண். குரல் மட்டும் ராஜவீதிக் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். அணிக்கு அவள்தான் தலைவி. அந்த வருடம் கர்னல் ஒருவர் ஆய்வுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. ஆய்வு அன்று அணியை நடத்துகிற பெண்ணை டெல்லி முகாமுக்கான தேர்வுக்குப் பரிந்துரைப்பார்கள். சங்கீதாவுக்குப் போலீஸில் சேர ஆசை. டெல்லி முகாம் போய் வந்தால் அந்த ஆசைக்கு ஒரு பிடிமானம். அவள் வீட்டில் டெல்லி என்ன, திருப்பதி தாண்டிப் போனவர்கள் கிடையாது.

கடிதம் வந்த பிறகு தினமும் காலையில் பரேட். தினமும் அதே மூலையில் அதே கோளாறு. பயிற்சி தர வந்த ஹவில்தார் சித்தூர்க்காரர். தலையில் அடித்துக்கொண்டார். மூலையில் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. சூரியன் கண்ணில் அடிக்கிறதா என்று பார்த்தோம், அதுவும் இல்லை.

கவனித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. கால் தவறுகிறவர்கள் எப்போதும் அதே பெண்கள். எல்லாரும் சுவருக்கு அந்தப்பக்கத் தெருவைச் சேர்ந்தவர்கள். சங்கீதாவும் அந்தத் தெருதான். கூட்டாகச் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். இவ்வளவு கெட்ட புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“ஏன் சங்கீதா இப்பிடி ஆவுது?”

“தப்பு என் மேலதான் மேடம்.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

“கால் தானா போயிடுது மேடம். நாளைக்கு சரி பண்ணிடுறேன்.”

அந்த நாளை வரவே இல்லை. ஐந்தாவது நாள், எல்லோர் முன்னாலும் அவளைத் தலைமையிலிருந்து எடுத்தேன். ஜெனிபர் என்ற பெண்ணை முன்னால் நிறுத்தி, சங்கீதாவைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னேன். அவள் விறைப்பாக எனக்கு சல்யூட் அடித்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. சுவரின் மேல் ஒரு சத்தம் கிடையாது. அவ்வளவு பேர் ஒன்றாக வாயை மூடிக்கொண்டது அன்றுதான்.

மறுநாள் ஜெனிபர் நடத்தினாள். மூலையில் அதே கதை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ‘கடைசி வரிசையில் நின்றுகொண்டு சங்கீதா வேண்டுமென்றே கெடுக்கிறாள்’ என்று நினைத்தேன். பத்து நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் பரேட் முடிந்ததும் அவள் குழாயடியில் முகம் கழுவுவதை நீண்ட நேரம் பார்த்திருக்கிறேன். வியர்வையைக் கழுவுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் ஜெயவேலு சுவர் வழியாக இல்லாமல், கல்லூரி வாசல் வழியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு துறை அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“ஒரு புகார் குடுக்கணும் மேடம்.”

“யார் மேல?”

“உங்க மேலதான்.”

உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

“அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அது அம்மா பேரு மல்லிகா. இடிஞ்ச சுவத்துக்கு அந்தாண்ட மொத வீடு. உள்ள தறி ஓடிக்கினு இருக்குமே, கேட்டிருக்கீங்களா? பொறந்ததுலேர்ந்து அந்தப் பொண்ணு அந்த சத்தத்துலதான் தூங்கி எழுந்திருக்குது. அந்தத் தெருப் புள்ளைங்க எல்லாமே அப்பிடித்தான். மூலைக்கு வந்தா தறி அடிக்கிற அடிக்கு காலு போயிடுது மேடம். வாய் இங்க கட்டள குடுக்குது, காலு வீட்டுக்குப் போயிடுது.”

“இத ஏன் இத்தன நாளா சொல்லல?”

“அதுதான் சொல்லக்கூடாதுன்னுச்சி. அம்மாக்குத் தெரிஞ்சா காலைல தறில உக்காராது. தறில இருக்கிறது யாருக்கோ முகூர்த்தப் பொடவ. குடுக்க நாள் குறிச்சிட்டாங்க. அதான் பழிய அதுவே ஏத்துக்கிச்சி.” கொஞ்சம் நிறுத்தி, “நாங்க சிரிச்சது தறிய நெனச்சி மேடம். நீங்க அந்தப் பொண்ணப் பாத்து சிரிக்கிறோம்னு நெனச்சிட்டீங்க” என்றார்.

மறுநாள் காலை நான் அந்த மூலையில் போய் நின்றேன். அங்கே நின்று காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல்முறை. எப்போதும் கொடிமேடை வேப்பமர நிழலில்தான் நிற்பேன். சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து டக், டக், டக் என்று தறி. மேடையில் நின்றால் ஒரு பொட்டுக்கூடக் கேட்காது. இங்கே காதுக்குள் விழுந்தது. அப்பா தட்டோடு எழுந்து நின்றது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

குழித்தறிக்கு முன்னால்

ஆய்வு நாளில் ஓர் அரைமணி நேரம் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிடலாம், முழுக் கதையையும் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, சங்கீதா வீட்டில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

முன்னறை முழுக்கத் தறிதான். தரையில் இடுப்பளவு குழி. அதில் கால் விட்டு உட்கார்ந்து மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். தறியில் பாதிப் புடவை, அரக்குச் சிவப்பில் உடல், கிளிப்பச்சையில் கரை. மல்லிகா என்னைப் பார்த்ததும் குழியிலிருந்து ஏறி வந்தார். சங்கீதாவின் அதே ஒல்லி, அதே நெற்றி.

“வாங்க மேடம், வாங்க. சங்கீதா ஏதாச்சும் தப்புத்தண்டா பண்ணிடுச்சா?”

“இல்லம்மா. சும்மா பாக்க வந்தேன்.”

காபி போட்டுக் கொடுத்தார். பெண்ணைத் தலைமையிலிருந்து எடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் சங்கீதா மூச்சு விடவில்லை. நான் தறியைப் பற்றிப் பேச்சை எடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“பரேடு இருந்தா எனக்குக் குஷி மேடம். பூட்ஸ் சத்தம் கிட்ட வந்தா, சங்கீதா வந்துட்டான்னு தெரிஞ்சிடும். உடனே நான் அடிய மாத்திக்குவேன். அதுங்க காலு எப்பிடி விழுதோ அப்பிடி. கொஞ்ச நேரம் அவ கூடவே நடக்குற மாதிரி இருக்கும். நான் எங்க மேடம் மைதானத்துல நடந்தேன்? எட்டாவதோட குழில எறங்கிட்டேன்.”

நான் காபியைக் கீழே வைத்தேன்.

“ஆனா ஒண்ணு மேடம், கோச்சிக்காதீங்க. உங்க புள்ளைங்க இந்த எடத்துல வந்ததும் மாத்தி மாத்தி நடக்குதுங்க. நானும் வெரட்டிப் புடிக்கப் பாக்குறேன், புடிக்கவே முடியல” என்று சிரித்தார்.

அம்மா பெண்ணின் காலைப் பிடிக்கத் தறியை மாற்றுகிறார். பெண் அம்மாவின் தறியைப் பிடிக்கக் காலை மாற்றுகிறாள். ஒருவரை ஒருவர் துரத்தியே அந்த மூலை நாசமாகிக்கொண்டிருந்தது. மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை சங்கீதாவை அழைத்து, “தப்பு என் மேல. உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்” என்றேன். அவள் பதறிப்போனாள். பிறகு மல்லிகா சொன்னதைச் சொன்னேன். நம்பவில்லை.

“எங்கம்மாவா? எங்க காலுக்கா மாத்துது?”

“ஆமா.”

முதலில் சிரித்தாள். அப்புறம் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை நானும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

தலைமை மறுபடி அவளுக்கே வந்தது. ஜெனிபர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள் என்று எழுதினால் பொய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சங்கீதா வீட்டில் பாதி உண்மை மட்டும் சொன்னாள்: “நீ எங்கள வெரட்டாதம்மா. உன் பாட்டுக்கு அடி.” மல்லிகாவும் சரி என்றார். தறி சீராக ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே தங்கள் காலில் நடக்க என் பெண்கள் பழகினார்கள். அந்த மூலையிலேயே முன்னும் பின்னுமாக நூறு தடவை நடக்கவிட்டோம். ஆய்வுக்கு முந்தின நாள் மூலையை அணி பிசகாமல் தாண்டியது. சுவரே எழுந்து கைதட்டியது. “போலாம், ரைட்!” என்று ஜெயவேலு கத்தியது பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும்.

கர்னல் வந்த காலை

கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சீருடையோடு கர்னல் மேடையில் நின்றார். சுவர்க்காரர்கள் அன்று நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். ஜெயவேலு தன்னுடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கர்னல் ஒருமுறை அவரை உற்றுப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என் அப்பாவும் வந்திருந்தார். மேடை அருகில் நாற்காலி போட்டும் வேண்டாம் என்று சொல்லி, போய்ச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

“தேஜ்… சல்!” சங்கீதாவின் குரல்.

மேற்கு, மேடை, தெற்கு. ஒரே கால். நான் மேடையிலிருந்து நழுவிக் கிழக்குப் பக்கமாக வந்து நின்றேன். அணி மூலையை நெருங்கியது. திரும்பியது.

தறிச் சத்தம் இல்லை.

அத்தனை நாளும் தறி இழுக்க இழுக்கத் தங்கள் காலில் நிற்கப் பழகியவர்கள். இன்றைக்கு இழுக்க எதுவும் இல்லை. கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அந்த மாதிரி ஆனது. தெருப் பெண்கள் அத்தனை பேரின் காலும் ஒரு நொடி தயங்கியது. அணி சிதறியது. மேடையைத் திரும்பிப் பார்த்தேன். கர்னல் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜெயவேலுவின் கை விசில் இருக்கும் பைக்குப் போனது. முடிந்தது, டெல்லி போனது, என்று நினைத்தேன்.

“கதம்… தால்!”

நின்ற இடத்திலேயே நடக்கச் சொல்லும் கட்டளை அது. நாங்கள் போட்ட வரிசையில் அந்தக் கட்டளையே கிடையாது. அறுபத்தாறு கால்களும் நின்ற இடத்தில் ஏறி இறங்கின. முதலில் கலவையாக. அப்புறம் கொஞ்சம் சேர்ந்து. பத்துப் பன்னிரண்டு அடியில் ஒரே சத்தமாக. சங்கீதா அவசரப்படவில்லை. இன்னும் நாலு அடி பொறுத்து, முன்னே போகும் கட்டளை கொடுத்தாள். அணி மூலையைத் தாண்டிப் போனது.

சுவர் ஆர்ப்பரித்தது. அப்போதுதான் பார்த்தேன். ஜெயவேலுவுக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் மல்லிகா நின்றுகொண்டிருந்தார். தறியை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் இன்னும் குறுக்கே ஓட்டும் ஊடை நூல் சுற்றிய சின்னக் கண்டு ஒன்று இருந்தது.

“மூலையில் நின்று நடந்தது திட்டத்தில் இருந்ததா?” என்று கர்னல் ஆங்கிலத்தில் கேட்டார். “ஆமாம் சார்” என்றேன். அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் பொய் சொன்னதில்லை. அவர் நம்பினாரா என்று தெரியாது. பரிந்துரையில் சங்கீதா பெயரை எழுதினார்.

எல்லாம் முடிந்து நான் சுவரோரம் போனேன். அப்பா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். சீருடையோடு நான் எதிரில் போய் நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. “இந்தாமா” என்று கை நிறையக் கடலையை நீட்டினார்.

ஒரு கோடு

சங்கீதா டெல்லி போகவில்லை. இரண்டாவது சுற்றுத் தேர்வு வரை போய்த் திரும்பினாள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். பிறகு போலீஸ் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள். இப்போது பயிற்சியில் இருக்கிறாள்.

கர்னல் வந்துபோன சில நாளில் அந்த முகூர்த்தப் புடவை தறியிலிருந்து இறங்கியது. கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால் எனக்குக் காட்ட வேண்டும் என்று மல்லிகா சொல்லி அனுப்பினார். போனேன். பாயில் விரித்திருந்தார்கள். சங்கீதா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

மல்லிகா என் விரலைப் பிடித்துத் துணியின் மேல் ஓட்டினார். “இங்க கொஞ்சம் நெருக்கமா இருக்குது பாருங்க. இங்க லேசா தளர்வு. கண்ணுக்குத் தெரியாது, வெரலுக்குத் தெரியும். இதெல்லாம் உங்க பரேடு நாளு மேடம். நான் புள்ளைங்கள வெரட்டிக்கினு இருந்தது.”

முந்தானைக்குக் கொஞ்சம் முன்னால் விரலை நிறுத்தினார். நூலிழை அகலத்தில் குறுக்கே ஒரு கோடு. தறியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால் அப்படி விழுமாம். எந்த நல்ல நெசவாளியும் விழ விடமாட்டார்களாம்.

“இங்கதான் எழுந்து சுவத்தாண்ட வந்தேன்.”

நான் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே இருந்தேன். மல்லிகா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

“அன்னிக்கு மூலைல வந்ததும் அப்பிடியே நின்ன எடத்துலயே நடந்துச்சிங்களே மேடம். நான் அங்க நிக்கிறேன்னு, எனக்குக் காட்டத்தான் நின்னாங்கன்னு சங்கீதா சொல்லுது. நெசமா?”

நிமிர்ந்து பார்த்தேன். சங்கீதா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெசந்தாம்மா” என்றேன். “உங்களுக்காகத்தான் நின்னாங்க.”

மல்லிகா புடவையை மடிப்பு மடிப்பாக மடித்தார். அந்தக் கோடு உள்மடிப்பில் போய்விட்டது. அது யார் கல்யாணத்துக்குப் போனதோ எனக்குத் தெரியாது. அதைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் தெரிந்திருக்காது, ஓர் அம்மா தறியை விட்டு எழுந்துபோய் மகள் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்த நேரத்தைத் தான் உடுத்தியிருக்கிறோம் என்று.